முத்திரை வைத்த ஸ்பீக்கர்

அத்தியாயம் 14

இந்த வாரம்தான் கதைக்குள் காலெடுத்து வைக்கிறீர்களா? கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இன்றைக்கு இந்த வீட்டில் கோபம் அதிகம், தெருவுக்குக் கேட்டுவிடும்.

வீட்டுக்காரர் முத்திரை ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் தேதி போட்டு முத்திரை வைப்பார். இல்லாவிட்டால் கடைக்காரரை நிற்கவைத்து வறுத்தெடுப்பார். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'முத்திரை'தான். பன்னிரண்டு வருடமாக அவரைப் பிடித்து ஆட்டிய பைத்தியம் ஒன்று உண்டு. வீட்டு ஹாலில் இசைத்தட்டு கேட்பது. கேட்பது என்றால் பாட்டை அல்ல, அதில் இருக்கும் குறையை. "கனம் வரலை, அடிச்சத்தம் நிக்கலை" என்று ஆம்ப்ளிஃபயரை மாற்றுவார், ஒயரை மாற்றுவார், இசைத்தட்டுக்கு அடியில் போடும் வட்ட விரிப்பை மாற்றுவார். பழையது பெட்டிக்குள் போய்ப் பின்னறையில் அடையும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் புது ஊசி ஒன்று மாட்டினார். அன்று மாலை முதல் பாட்டிலேயே அவர் கண் கலங்கிவிட்டது. "போதும். இதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம்" என்றார். சொன்னதோடு விடவில்லை. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் ஒயர் மாட்டும் இடத்தில் தாள் ஒட்டி, 'பரிசோதித்தது. சரி.' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டார்.

அந்தப் 'போதும்' என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் மனைவி வேலையை விட்டாள். பத்தொன்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தவள். வருகிறவர்கள் 'கண்ணாடியம்மா' என்பார்கள். பார்வை மாறாதவர்களுக்கும் புதுக் கண்ணாடி எழுதித் தரச் சொன்ன முதலாளியிடம், போன வாரம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இனி வீட்டிலேயே, பின்னறையில், சொந்தமாகப் பரிசோதனை.

அந்தப் பின்னறையைக் காலி செய்கிற நாள் இன்று.

விடுமுறை நாள் காலை ஏழு மணிக்கே அவள் கையில் பார்சல் டேப்போடு பின்னறை வாசலில் நின்றாள். முப்பத்தொரு பெட்டிகள். எல்லாவற்றையும் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவளுடைய தம்பி வேன் கொண்டுவருகிறான். நாலு மணிக்குப் பரிசோதனை நாற்காலி வந்து இறங்குகிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாகச் சலவைக் கடைக்காரர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வருகிறார். எல்லாம் நிமிடக் கணக்கில் ஓடுகிற நாள்.

ஆய்வாளர் ஒரு பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"இந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே."

"எதுக்கு?"

"ஒரு அவசரத்துக்கு."

"ஆம்ப்ளிஃபயருக்கு என்னங்க அவசரம்? திடீர்னு காய்ச்சலா வரப்போகுது?"

"இல்ல, இப்ப இருக்கறது ஒரு நாள் படுத்துக்கிச்சுன்னா?"

"படுத்தா எழுப்பிக்கலாம். டேப்ப ஒட்டுங்க."

முன்பாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு மணி நேரச் சொற்பொழிவு நடந்திருக்கும். இன்று அவர் சிரித்துவிட்டார். பெட்டியை மூடி, டேப்பை 'சர்ர்ர்' என்று இழுத்து ஒட்டி, தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். போகிற வழியில் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குத் தலையை ஆட்டினார். அவளுக்கு அவரை அப்படிப் பார்க்கவே ஆசையாக இருந்தது. இந்த மூன்று வாரத்துக்கு முன் இந்த மனிதர் இப்படி வெறுமனே பாட்டுக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

பத்து மணிக்குத் தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவன். சட்டைப் பையில் ஒரு டார்ச் எப்போதும் இருக்கும், எதைக் கண்டாலும் குனிந்து அடியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பான். பதினொன்றரைக்குள் இருபத்திரண்டு பெட்டிகள் வேனில் ஏறிவிட்டன.

"அக்கா, ஹால்ல அந்தப் பழைய ஒயர்ச் சுருள் ஒண்ணு கிடக்குன்னீங்களே, அதையும் எடுத்துடறேன்" என்று இடப்பக்கத்து ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தான். டார்ச் எரிந்தது.

"மாமா, இந்தப் பக்கம் சிவப்பு ஒயர் கறுப்புல போயிருக்கே. வேணும்னுதான் மாத்திப் போட்டிருக்கீங்களா?"

ஆய்வாளர் சிரித்தார். "மாப்ள, நீ லிஃப்ட்டுல கைவைக்கிற ஆளு. இது வேற. தாள் ஒட்டியிருக்கு பாரு, முத்திரை. அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"தாள் இருக்கு மாமா. தாளுக்குக் கீழ எட்டிப் பாத்துதான் சொல்றேன்."

அவர் வந்து முட்டி போட்டுக் குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. தாளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. எழுந்தபோது சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"யாரு தொட்டது?"

கண்ணாடியம்மா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதை?"

"இந்த ஒயரை. முத்திரை உடையலை. அப்போ முத்திரை வைக்கறதுக்கு முன்னாடியே யாரோ மாத்தியிருக்காங்க. யாரு?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. "நான்தான். நீங்க ஊசி வாங்கப் போனீங்களே, அன்னிக்கு வாளித் தண்ணி கொட்டிடுச்சு. ஸ்பீக்கரை நகத்தித் துடைச்சேன். ஒயர் கழண்டுச்சு. மாட்டினேன்."

"மாட்டினியா! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"தரை துடைச்சதை எல்லாமா சொல்லுவாங்க?"

"சிவப்பு எது, கறுப்பு எதுன்னுகூடத் தெரியலை? ஊர்க் கண்ணெல்லாம் பாக்கறவ, உன் கண்ணை எங்க வச்ச?"

அது சுருக்கென்று குத்தியது. தம்பி ஒயர்ச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நழுவலாம் என்று பார்த்தான்.

"அந்த மூலைல வெளிச்சம் இல்ல, தடவித் தடவி மாட்டினேன்" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் அவளை அறிந்தவர்களுக்கு அது நல்ல அறிகுறி இல்லை. "இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். கடைக்காரர் தராசு தப்பா இருக்கு, நீங்க பாக்காம அதுல முத்திரை வச்சுட்டீங்க. மேலிடத்துல யாரைக் கேப்பாங்க? தராசையா, உங்களையா?"

ஆய்வாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதில் சொல்ல முடியாத கோபம்தான் கோபத்திலேயே மோசமானது. தன் கையெழுத்துப் போட்ட தாளைத் தானே கிழித்தார். ஒயரைப் பிடுங்கி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் திருகினார்.

"இப்பக் கேளு. இத்தனை நாள் தப்பா இருந்தே அப்படிக் கேட்டுச்சு. இப்பச் சரியாப் போட்டிருக்கேன். எப்படி இருக்கும் பாரு."

அதே தட்டு, அதே பாட்டு. ஊசி இறங்கியது.

பாடுகிறவர் எங்கோ போய்விட்டார். நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்த குரல் சுவரெல்லாம் சிதறி ஒட்டிக்கொண்டது. மத்தளத்தின் கனம் மறைந்து, தகர டப்பாவில் விரலால் தட்டுவதுபோல் ஏதோ கேட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் வரை பன்னிரண்டு வருடம் இந்த வீட்டில் கேட்ட அதே வெறும் சத்தம்.

ஆய்வாளர் ஊசியைத் தூக்கினார்.

"ஊசி சரியில்லை" என்றார். "தப்பான ஒயர்ல நல்லாக் கேட்டு, சரியான ஒயர்ல மோசமாக் கேட்டா, ஊசிலதான் கோளாறு. ஊசி வித்தவன் என்னை நல்லா ஏமாத்தியிருக்கான். மாப்ள, பெட்டியெல்லாம் இறக்கு."

"மாமா?"

"இறக்குடா! இன்னும் எதுவும் முடியலை. மறுபடி முதல்ல இருந்து பாக்கணும்."

"கைய வச்சே, தெரியும்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள் கண்ணாடியம்மா. தம்பி நின்றான். ஆய்வாளரே போய் வேனைத் திறந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிவந்து பின்னறையில் 'தொப்' 'தொப்'பென்று போட்டார். நாலு பெட்டி, ஐந்து பெட்டி. அவள் விடியற்காலையில் எழுந்து துடைத்துவைத்த தரை மறைந்தது. மணி பன்னிரண்டே கால். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவள் அவள். இந்த மனிதர் 'போதும்' என்று சொன்னதை நம்பி எறிந்தாள். ஒரு ஒயர் இடம் மாறியதும் அந்தப் 'போதும்' காலாவதியாகிவிட்டது.

ஆறாவது பெட்டியோடு வந்தவரை வாசலில் மறித்தாள்.

"இறக்கி வச்சுட்டு வந்து நாற்காலில உக்காருங்க."

"வழிய விடு."

"பத்தொன்பது வருஷமா நான் என்ன வேலை பாக்கறேன்? ரெண்டு லென்ஸ மாத்தி மாத்திப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேக்கறேன். எது எதுன்னு அவங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னா கண்ணு பேசாது, மனசு பேசும். வாங்க, உங்க காதைப் பாத்துடுவோம். இல்ல, பயமா இருக்கா?"

பயமா என்று கேட்டால் அவர் எங்கே வேண்டுமானாலும் உட்காருவார். ஹாலின் அந்தக் கோடியில், பின்சுவரை ஒட்டி அவருடைய நாற்காலி. அடிச்சத்தம் தேடித் தேடி வருடத்துக்கு அரையடியாகப் பின்னால் தள்ளி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். ஸ்பீக்கர் சுவர் அங்கிருந்து ஆறு மீட்டர். அவரே டேப் பிடித்து அளந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள், கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள்.

தம்பிக்குக் கையைக் காட்டினாள். அவன் ஒயரை மாற்றினான், பாட்டு ஓடியது. நிறுத்தினான், மறுபடி மாற்றினான், அதே இடத்திலிருந்து ஓடியது.

"முதல்லதா, ரெண்டாவதா?"

"முதல்லது."

"இப்ப?"

"ரெண்டாவது. இதுல என்ன சந்தேகம்?"

சில தடவை மாற்றாமலே மாற்றியதுபோல் சத்தம் காட்டினான். "ரெண்டும் ஒண்ணுதான், என்ன விளையாடறீங்களா?" என்று சீறினார். ஏழு தடவை. ஏழு தடவையும் ஒரு பிசகு இல்லை. சிவப்பு கறுப்பில் இருந்தபோதெல்லாம் 'நல்லா இருக்கு' என்றார். சிவப்பு சிவப்பில் இருந்தபோதெல்லாம் முகத்தைச் சுளித்தார்.

துண்டை அவிழ்த்தாள். "உங்க காதுல கோளாறு இல்ல. ஊசிலயும் இல்ல. தப்பாப் போட்டாத்தான் சரியா வருதுன்னா, உள்ள வேற எங்கயோ ஒரு தப்பு உக்காந்திருக்கு. ரெண்டு தப்பும் சேர்ந்துதான் சரியாயிருக்கு."

தம்பிக்கு முகம் மலர்ந்தது. இது அவன் தொழில். டார்ச்சிலிருந்து பாட்டரியைக் கழற்றினான். இரண்டு ஸ்பீக்கருக்கும் முன்துணியைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஒயர்களைப் பிடுங்கினான். பாட்டரியை வலப்பக்கத்து ஒயரில் தொட்டதும் உள்ளே இருந்த காகிதக் கிண்ணம் முன்னால் துள்ளியது. இடப்பக்கத்தில் சிவப்பைச் சிவப்பில் மாட்டி அதே மாதிரி தொட்டான். கிண்ணம் உள்ளே போனது.

"பாத்தீங்களா? ரெண்டு பேர் ஒரு பீரோவைத் தள்றாங்க மாமா. ஆளுக்கொரு பக்கம் நின்னு எதிரும் புதிருமாத் தள்ளினா பீரோ எப்படி நகரும்? அதான் உங்களுக்கு அடிச்சத்தம் வரலை. இந்த ஸ்பீக்கர் உள்ளயே ஒயர் தலைகீழா இருக்கு."

ஆய்வாளர் துள்ளி எழுந்தார். "வித்தவன்! வித்தவன் எனக்குத் தலைகீழா வித்திருக்கான்! பன்னிரண்டு வருஷம்! நாளைக்கே போய் அவன் சட்டையைப் பிடிக்கறேன்!"

"முதல்ல திறந்து பாப்போம்" என்றாள் அவள்.

எட்டுத் திருகாணி. பின்பலகை கழன்றது. தம்பி டார்ச்சுக்குப் பாட்டரி போட்டு உள்ளே அடித்தான். ஒரு கணம் பார்த்தான். பிறகு டார்ச்சை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

உள்ளே ஒயர் பற்றவைத்த இடத்தின்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழுத்து மஞ்சளாகிப்போன தாள். 'பரிசோதித்தது. சரி.' கீழே பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே, கடைத்தெரு முழுக்கத் தெரிந்த அந்தச் சுழித்த கையெழுத்து.

தாளுக்கு அடியில் சிவப்பு ஒயர் கறுப்பு முனையில் போய் ஒட்டியிருந்தது.

ஆய்வாளருக்கு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. வாங்கிய முதல் மாதம் ஸ்பீக்கரை இழுத்தபோது உள்ளே பற்று விட்டுப்போனது. 'இதுக்கெல்லாம் ஒருத்தரைக் கூப்பிடணுமா' என்று தானே பற்றவைத்தார். முத்திரையும் வைத்தார்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. கடையிலும் இப்படி நடக்கும். மூன்று தடவை கண்ணாடி மாற்றி, மூன்று தடவையும் தலைவலி என்று வந்த ஒருவருக்கு, கடைசியில் வலது லென்ஸும் இடது லென்ஸும் இடம் மாறி இருந்தது தெரிந்தது. மாட்டியது அவள்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அன்றே மாற்றிக் கொடுத்தாள். இவரும் அப்படி ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. புதுப் பெட்டி வாங்கும்போதெல்லாம் வரும் பளபளப்பு.

"அப்போ... இத்தனை வருஷம் நான் கேட்டு வச்ச முடிவு எதுவும் செல்லாது."

"என்னது?"

"தராசே தப்பா இருந்தா, அதுல நிறுத்த எடை எதுவும் செல்லாதில்ல? இந்த முப்பத்தொரு பெட்டியும் தப்பான ஸ்பீக்கர்ல கேட்டு ஒதுக்கினது. ஒண்ணொண்ணையும் மறுபடி மாட்டிக் கேக்கணும். அதுல எது உண்மையிலேயே நல்லதுன்னு யாருக்குத் தெரியும்? மாப்ள, மிச்சப் பெட்டியையும் இறக்கு."

இந்த ஒரு இடத்தில் வாசகர்கள் அந்த அம்மாளின் பக்கம் நிற்கவேண்டும். நான் நிற்கிறேன்.

"நிறுத்துங்க!"

தம்பி இரண்டடி பின்னால் போனான். அக்காவின் குரல் இவ்வளவு ஏறி அவன் கேட்டதில்லை.

"முதல் வருஷம் நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? ஞாபகம் இருக்கா? 'இடப்பக்கத்து ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு, ரெண்டும் ஒண்ணா சேர மாட்டேங்குது'ன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கழற்றிவைத்த திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"'உனக்குக் காது பழகலை'ன்னீங்க. என் தம்பி முன்னாடி, வந்தவங்க போனவங்க முன்னாடி எல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. வேலை முடிஞ்சு கண்ணு எரிய வருவேன். என்னைப் பிடிச்சு உக்கார வச்சு, 'இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா'ன்னு கேப்பீங்க. நான் எது சொன்னாலும் தப்பு. பன்னிரண்டு வருஷம் என் காதைத் திட்டினீங்க, ஊசியைத் திட்டினீங்க, வித்தவனைத் திட்டினீங்க. காலைல என் கண்ணையும் திட்டினீங்க. உள்ள இருந்தது யாரு கையெழுத்து?"

"சரி, என் தப்புதான். அதுக்குத்தான் சொல்றேன், திருத்திடலாம், எல்லாத்தையும் மறுபடி..."

"நல்லாக் கேட்டுச்சா இல்லையா? மூணு வாரமா நீங்க சந்தோஷமா இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

"அப்புறம் என்ன கேடு? ஒயரை அப்படியே மாத்திப் போட்டா அதே பாட்டு வரும். அது உங்களுக்குப் போதாது. உங்களுக்குப் பாட்டு வேண்டாம், பெட்டி வேணும்."

அவர் வேனுக்குப் போய் இன்னொரு பெட்டியைத் தூக்கிவந்தார். விடாக்கண்டன் என்றால் இப்படித்தான். அவள் தடுக்கவில்லை. அதுதான் தம்பிக்கு அதிகப் பயமாக இருந்தது. மூன்று மணிக்குள் முப்பத்தொரு பெட்டியும் மறுபடி பின்னறையில் இருந்தன. பின்னறை சிறியது என்பதால் எழுத்து அட்டையின் தூரத்தை இரட்டிப்பாக்கிக் காட்ட மாட்டுவதற்காகத் தம்பி கொண்டுவந்த நிலைக்கண்ணாடி வேனிலேயே கிடந்தது.

நாலு மணிக்குச் சொன்னபடி நாற்காலி வந்தது. இரும்புப் பாதம், உயர்த்தி இறக்கும் கைப்பிடி, கறுப்பு உறை. இறக்கிய இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டார்கள்.

"எந்த ரூம்மா?"

ஆய்வாளர் பின்னறை வாசலில் ஒரு பெட்டியை அணைத்தபடி நின்றார். எதற்குமே இடமில்லை என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. "ரெண்டு நாள் வாசப்பக்கம் வச்சுக்கலாமே, நான் அதுக்குள்ள..."

"ஹால்ல" என்றாள் அவள்.

"ஹால்ல எங்கம்மா?"

"அதோ, அந்தக் கோடில. அந்தப் பழைய நாற்காலியை எடுத்துட்டு அதே இடத்துல."

"அது என் இடம்!" என்று அலறினார் ஆய்வாளர். "அங்க உக்காந்தாத்தான் ரெண்டு பக்கமும் சமமாக் கேக்கும்!"

"அங்க இருந்து எதிர்ச்சுவருக்கு ஆறு மீட்டர். நீங்க அளந்ததுதான், தப்பா இருக்காது. கண்ணு பாக்க எனக்கு வேண்டியதும் அதே ஆறு மீட்டர். நிலைக்கண்ணாடியே தேவையில்லை. எழுத்து அட்டை ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கும். பின்னறை உங்களுக்கு. முப்பத்தொரு பெட்டியோட சந்தோஷமா இருங்க."

"இது அநியாயம்."

"தம்பி, போல்ட்டு வச்சிருக்கியா?"

லிஃப்ட் மெக்கானிக்கிடம் போல்ட்டு இல்லாமல் இருக்குமா? அவன் மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு துளைபோடும் மெஷினை எடுத்துவந்தான். நாலு துளை, நாலு போல்ட்டு. லிஃப்ட்டைத் தாங்குகிற போல்ட்டு. ஒவ்வொன்றும் இறுகும்போது ஆய்வாளர் தன் பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகத்தைக் கோணினார்.

எழுத்து அட்டையை ஸ்பீக்கர்களுக்கு நடுவே மாட்டிவிட்டுத் தம்பி வேனை எடுத்துக்கொண்டு போனபோது மணி ஆறு. அவள் ஸ்பீக்கரின் பின்பலகையை முடுக்கி, தம்பி விட்டுப்போன டார்ச் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்து, பிடுங்கிய ஒயர்களை ஆம்ப்ளிஃபயரில் சேர்த்து, இடப்பக்கத்தில் சிவப்பைக் கறுப்பில் மாட்டினாள். மேஜையில் கிடந்த தாளில் ஒரு துண்டு கிழித்து 'பரிசோதித்தது. சரி.' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். அதை ஒயர் முனைமேல் ஒட்டினாள்.

பிறகு ஒரு தட்டை எடுத்து வைத்தாள். ஊசியைத் தானே இறக்கினாள். புது நாற்காலியில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு வருடத்தில் இந்த இடத்தில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் ஒரு முக்காலிதான் அவளுக்கு. பாடுகிறவர் எழுத்து அட்டைக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது. மத்தளம் நெஞ்சில் வந்து தட்டியது. கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் அந்தக் குரல் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது. இதைத்தானே முதல் வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்னறை வாசலில் நிழல் ஆடியது.

"எப்படி இருக்கு?" என்றார் ஆய்வாளர். பன்னிரண்டு வருடத்தில் பதிலைத் தெரிந்துகொள்வதற்காக அவர் அதைக் கேட்டது இதுவே முதல் தடவை.

"போதும்" என்றாள், திரும்பாமலே.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான் ஒரு பாட்டு... ஒரே ஒரு பாட்டு அங்க உக்காந்து கேக்கட்டுமா?"

"நாளைக்கு ஒன்பது மணிக்குச் சலவைக் கடைக்காரரோட அம்மா வராங்க. அவங்களுக்கு அப்புறம் வரிசைல வாங்க."

நிழல் நகர்ந்தது. பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்கு இடையில் இருந்த அந்தச் சின்ன அமைதியில், கதவுக்குப் பின்னாலிருந்து பார்சல் டேப் 'சர்ர்ர்' என்று கேட்டது.

பெட்டியை ஒட்டும்போதும் அந்தச் சத்தம்தான். ஒட்டியதைப் பிய்த்துத் திறக்கும்போதும் அதே சத்தம்தான். கண்ணாடியம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எது என்று அவளுக்கும் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம். அவள் நாற்காலியின் கைப்பிடியை இழுத்து இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.